வியட்நாமியர் தெற்கே வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹனோயில் ரயில் ஏறினால் சைகோன் போய்ச் சேர 1,700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இன்று வழி நெடுகிலும் ஒரே நாடு, ஒரே மொழிப் பலகைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வியட் மக்களின் அரசு இந்தப் பாதையில் கால்பங்கோடு முடிந்துவிட்டது. மீதி முக்கால்பங்கு எப்படி வந்து சேர்ந்தது, அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள், வந்தவர்கள் எப்படி மாறினார்கள் என்பதுதான் இந்தப் பக்கம்.

'தெற்கு நோக்கிய நகர்வு' என்று எதைச் சொல்கிறார்கள்?

வியட்நாமியர் இதை 'நாம் தியென்' என்பார்கள். 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, செவ்வாற்றுப் படுகையில் இருந்து மெகாங் கழிமுகம் வரை வியட் அரசுகளும் குடியானவர்களும் பரவியதற்கு வைத்த பெயர். இந்தப் பெயர் பெரிதாகப் புழக்கத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதைக் கேட்டால் யாரோ திட்டம் போட்டு, வரைபடம் விரித்து, அடிமேல் அடி வைத்து நடந்த மாதிரி தோன்றும். நடந்தது அப்படி இல்லை. இடையில் நூறு ஆண்டுகள் எதுவும் நகராமல் கிடந்ததுண்டு. பிடித்த இடத்தை இழந்ததும் உண்டு. ஒரு மன்னர் நிலத்துக்காகப் போனார், இன்னொருவர் உயிர் பிழைக்கப் போனார், பெரும்பாலானவர்கள் வேறு வழியில்லாமல் போனார்கள்.

ஏன் தெற்கே? வேறு திசையே இல்லையா?

இல்லை என்றே சொல்லலாம். வடக்கே சீனா. மேற்கே காய்ச்சல் மலைகள், கிழக்கே கடல். 938இல் பாக் டாங் ஆற்றுப் போரில் வென்று சீனப் பிடியில் இருந்து விடுபட்ட நாடு அது. அதன் வயல்கள் எல்லாம் செவ்வாற்றுப் படுகையில்தான். கரை உடைந்தால் வெள்ளம், வெள்ளம் போனால் பஞ்சம், இடையில் ஜனப்பெருக்கம். அன்று நாட்டின் தென்னெல்லையாக இருந்த ஹோவான் சோன் மலையைத் தாண்டினால் கடலோரமாகச் சின்னச் சின்னச் சமவெளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஆளில்லாத நிலம் அல்ல அது.

அங்கே யார் இருந்தார்கள்?

சம் மக்கள். அவர்களின் சம்பா நாடு இன்றைய மத்திய வியட்நாமின் கடற்கரை முழுவதும் இருந்தது. ஒரே பேரரசு என்பதைவிட ஒவ்வோர் ஆற்று முகத்துவாரத்திலும் ஒரு சிற்றரசு என்று நினைத்துக்கொள்வது சரியாக இருக்கும்: அமராவதி, விஜயா, கௌதாரா, பாண்டுரங்கா. 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற மன்னர் மீ சோன் பள்ளத்தாக்கில் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் நிறுவினார். சமஸ்கிருதக் கல்வெட்டு, செங்கல் கோயில், கடல் வாணிபம், மலையில் இருந்து வரும் அகில் கட்டை என்று அவர்களுக்குத் தனி உலகம். மொழி மலாய், அச்சே மொழிகளுக்கு உறவு. எழுத்து தென்னிந்திய மரபில் இருந்து பிறந்தது.

அதற்கும் தெற்கே, மெகாங் கழிமுகத்தில், கெமர் மக்கள்.

சம்பாவைச் சோழர்கள் ஆண்டார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

ஆளவில்லை. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை போனது ஸ்ரீவிஜயத்தின் மீது. சம்பாவில் சோழர் ஆட்சி நடந்ததற்குச் சான்று கிடையாது. நா ட்ராங் அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீமாறன்' என்ற பெயரைப் பாண்டியரோடு சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு கோட்டை கட்ட முடியாது. சிவனை வணங்கியவர்கள் எல்லாம் நம்மவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள் என்று சொல்வது, சொந்தமாகக் கோயில் கட்டத் தெரிந்த ஒரு ஜனத்தைக் குறைத்துப் பேசுவதாகத்தான் முடியும்.

நிலம் முதலில் எப்படிக் கைமாறியது?

982இல் வியட் படை சம்பாவின் தலைநகர் இந்திரபுரத்தைச் சூறையாடியது. அது கொள்ளை, குடியேற்றம் அல்ல. 1069இல் லீ வம்ச மன்னர் படையெடுத்துச் சம் மன்னர் ருத்ரவர்மனைப் பிடித்தார். அவர் விடுதலைக்கு விலையாக வடக்கே மூன்று மாவட்டங்களைக் கொடுத்தார். ஏறக்குறைய 2025 வரை இருந்த குவாங் பின் மாகாணமும் பழைய குவாங் ட்ரியின் வடபகுதியும்.

அடுத்தது கல்யாணம். வியட்நாமில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை இது. அரசைத் துறந்து துறவியாகியிருந்த முன்னாள் மன்னர் திரான் நான் தோங் 1301இல் சம்பா போயிருந்தபோது, தன் மகளைத் தருவதாக அங்கே வாக்குக் கொடுத்துவிட்டார். அரசவையில் பலருக்குப் பிடிக்கவில்லை. சம் மன்னர் ஜய சிம்மவர்மன் சீதனம் பேசுவதற்குப் பதில் பரிசமாக ஓ, லீ என்ற இரண்டு மாவட்டங்களையே எழுதித் தந்தார். ஹுவே நகரம் இருக்கும் பகுதி அதில் அடக்கம். 1306இல் இளவரசி ஹுயென் திரான் தெற்கே போனார். அடுத்த ஆண்டே மன்னர் இறந்துவிட்டார். ராணியைச் சிதையில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் துக்கம் கேட்கப் போவதுபோல் ஒரு வியட் அதிகாரி போய் இளவரசியைக் கடல் வழியாக மீட்டு வந்தார் என்று வியட் வரலாற்றேடு சொல்கிறது. இருவரும் ஊர் திரும்ப வெகுநாள் எடுத்துக்கொண்டதையும் அந்த ஏடு முகம் சுளித்துக் குறித்து வைத்திருக்கிறது!

பெண் திரும்பி வந்தாள். நிலம் திரும்பவில்லை. அடுத்த நூற்றாண்டுச் சண்டைகளுக்கு அதுவே காரணம்.

சம்பா பதிலடி கொடுக்கவே இல்லையா?

கொடுத்தது, பலமாகவே. வியட் ஏடுகள் சே போங் நா என்று அழைக்கும் சம் மன்னர் 1371இல் கடல் வழியே வந்து தலைநகர் தாங் லோங்கை, அதாவது ஹனோயை, எரித்தார். 1377இல் அவரைத் தண்டிக்கப் போன வியட் மன்னர் விஜயா நகர வாசலிலேயே கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் யாரிடம் கேட்டாலும் அழியப்போவது வியட் அரசுதான் என்று சொல்லியிருப்பார்கள். 1390இல் சம் படையில் இருந்து ஓடி வந்த ஒருவன் மன்னரின் கப்பல் எது என்று காட்டிக்கொடுக்க, வியட் துப்பாக்கிகள் அந்த ஒரு கப்பலைக் குறிவைத்தன. அவரோடு சம்பாவின் எழுச்சியும் முடிந்தது.

1471 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அந்த ஆண்டு லே தான் தோங் என்ற மன்னர் பெரும்படையோடு போய் விஜயாவைத் தரைமட்டமாக்கினார். 30,000 பேருக்கு மேல் சிறைபிடிக்கப்பட்டதாக வியட் ஏடே பெருமையோடு எழுதுகிறது. கொல்லப்பட்டவர்கள் அதற்கும் மேல். 2025 வரை மாகாணங்களாக இருந்த குவாங் நாம் முதல் பின் தின் வரை புதிய மாகாணம் ஆனது. பாதிச் சம்பா போனது.

ஆனால் எனக்கு 1471ஐவிட 1499தான் சுவாரசியம். அந்த ஆண்டு அரச குடும்பத்தினர் முதல் சாதாரணக் குடிமக்கள் வரை யாரும் சம் பெண்களை மணக்கக் கூடாது என்று ஆணை போட்டார்கள். யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடமாட்டார்கள். போர் முடிந்து ஒரு தலைமுறைக்குள் வீடுகளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நுயென் பிரபுக்கள் யார்?

இந்தக் கதையின் நடுநாயகர்கள் இவர்கள்தான். 16ஆம் நூற்றாண்டில் லே வம்சம் பெயருக்கு மட்டும் அரசாக இருந்தது. அதிகாரம் திரின் குடும்பத்தின் கையில். நுயென் ஹோவாங்கின் அண்ணன் மர்மமாகச் செத்தார். கைவரிசை மைத்துனர் திரின் கியெமுடையது என்று பேச்சு. அடுத்த முறை தனக்குத்தான் என்று புரிந்துகொண்ட ஹோவாங், அந்த மைத்துனரை மணந்திருந்த தன் அக்காவைப் பிடித்து, தொலைவில் இருக்கும் துவான் ஹோவா எல்லைப்பகுதிக்கு என்னை அனுப்பச் சொல்லு என்று கேட்டுக்கொண்டார். தொல்லை விட்டது என்று திரினும் அனுப்பி வைத்தார். ஆண்டு 1558.

போனவர் வேரூன்றினார். 1600இல் நிரந்தரமாகத் தெற்கே தங்கிவிட்டார். 1627இல் இரண்டு குடும்பங்களுக்கும் போர் மூண்டு 1672 வரை இழுத்தது. ஆள்பலத்தில் வடக்கு பல மடங்கு பெரியது. தெற்கைக் காப்பாற்றியவை டாங் ஹோய் அருகே கட்டிய நீண்ட மண்சுவர்கள். கட்டச் சொன்னவர் டாவ் ஸுய் து. பாட்டுக்காரரின் மகன் என்பதால் வடக்கே தேர்வு எழுத அனுமதிக்கப்படாதவர். அங்கே கதவடைத்தார்கள், இங்கே வந்து சுவர் எழுப்பினார்.

ஆள் பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள்? வடக்கே பஞ்சம் வந்தால் ஓடி வருபவர்களை வரவேற்றார்கள். சிப்பாய்களுக்குத் தரிசு கொடுத்து உழச் சொன்னார்கள். 1650களின் பிற்பாதியில் வடக்கே ஙே ஆன் பகுதிக்குள் புகுந்தபோது அங்கிருந்த குடும்பங்களைத் தெற்கே இழுத்து வந்தார்கள். அப்படிக் கைதிகளாக வந்து பின் தின் மலையடிவாரத்தில் விடப்பட்ட ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான் 1771இல் கிளம்பி, நுயென், திரின் இரண்டு பேரையும் சாய்த்த தாய் சோன் சகோதரர்கள். அப்புறம் ஹோய் ஆன் துறைமுகத்தில் ஜப்பானியர், சீனர், போர்ச்சுகீசியர் என்று வணிகர் கூட்டம். அதிலிருந்து பணமும் பீரங்கியும் வந்தன. வடக்கின் கன்பூசிய நெறிகள் புத்தகத்தில் இருந்தன. வாழ்க்கை துறைமுகத்தில் இருந்தது.

அதே நேரம் தெற்கே எல்லை நகர்ந்தது: 1611இல் ஃபூ யென், 1653இல் கௌதாராவாக இருந்த நா ட்ராங் பகுதி, 1690களில் பாண்டுரங்கா.

மெகாங் கழிமுகமும் போரில் பிடித்ததுதானா?

அங்கே முறை வேறு. கம்போடிய மன்னர் சேய் செட்டா ஒரு நுயென் இளவரசியை மணந்தார். 1623இல் இன்றைய சைகோன் இருக்கும் இடத்தில் வியட்நாமியருக்குச் சுங்கச்சாவடி வைக்க அனுமதி கொடுத்தார். சாவடியைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றிக் குடிசை.

1679இல் சீனாவில் மிங் அரசு வீழ்ந்ததை ஏற்காத 3,000 பேர் 50 கப்பல்களில் டானாங் பக்கம் வந்து அடைக்கலம் கேட்டார்கள். ஆயுதத்தோடு வந்த விருந்தாளிகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் தைரியம் வரும்? நுயென் பிரபு அவர்களைக் கம்போடிய மண்ணில் இருந்த மீ தோ, பியென் ஹோவா பக்கம் அனுப்பிவிட்டார். சதுப்பைத் திருத்தி, சந்தை போட்டு ஊராக்கியது அந்தச் சீனர்கள். 1698இல் நுயென் ஹூ கான் என்ற தளபதி போய் நிர்வாகம் அமைத்தபோது ஆள ஏற்கெனவே ஜனம் இருந்தது. ஹா தியெனில் தனி அரசு போல வாழ்ந்த மாக் கூ என்ற சீனரும் 1708இல் நுயென் பக்கம் சேர்ந்தார். 1757 வாக்கில் கழிமுகம் முழுவதும் கைக்கு வந்தது.

இனிமையான கதையாக இதை முடிக்க முடியாது. சாவ் டோக்கில் இருந்து ஹா தியென் வரை 1819 முதல் 1824 வரை வெட்டிய வின் தே கால்வாய் சுமார் 90 கிலோமீட்டர். பல்லாயிரம் வியட்நாமியரும் கெமர்களும் கட்டாய வேலை செய்தார்கள், ஏராளமானோர் செத்தார்கள். வியட்நாமியருக்கு அது சாதனை. கெமர் மக்களோ, மூன்று கெமர்களைக் கழுத்துவரை புதைத்து, தலைகளை அடுப்புக் கல்லாக்கி, 'எசமானின் தேநீரைச் சிந்தாதே' என்று சொல்லித் தண்ணீர் காய்ச்சிய கொடுமையாக அந்தக் காலத்தைச் சொல்கிறார்கள். வியட்நாமியர் மீதான கம்போடியக் கோபத்தில் இந்தக் கதைக்கு இன்றும் பங்கு உண்டு.

பாண்டுரங்கா என்ன ஆனது?

1690களில் பிடித்தும் முழுசாக விழுங்க முடியவில்லை. கலகம் வெடித்ததால் சம் அரசருக்கு அடங்கிய சிற்றரசு என்ற நிலை கொடுத்தார்கள். அப்படியே 1832 வரை ஓடியது. அந்த ஆண்டு நுயென் வம்ச மன்னர் மின் மாங் அதை ரத்து செய்து நேரடி மாவட்டமாக்கினார். உடை, பழக்கம் எல்லாவற்றையும் வியட்நாமிய வழிக்கு மாற்ற அதிகாரிகள் நெருக்கினார்கள். 1833இலும் 1834இலும் எழுந்த சம் கிளர்ச்சிகள் இரக்கமில்லாமல் நசுக்கப்பட்டன.

இன்று சம் மக்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2019 கணக்கெடுப்பில் வியட்நாமில் ஏறக்குறைய 1,79,000 பேர். கம்போடியாவில் அதைவிட அதிகம். பழைய பாண்டுரங்காவான ஃபான் ராங், ஃபான் ரி பக்கம் இருப்பவர்களில் அஹியர் பிரிவினர் பழைய சிவ வழிபாட்டின் தொடர்ச்சி, பானி பிரிவினர் இஸ்லாத்தைத் தங்கள் முன்னோர் வழிபாட்டோடு கலந்துகொண்டவர்கள். மெகாங் ஓரம் சாவ் டோக்கில் இருப்பவர்கள் சுன்னி முஸ்லிம்கள். கழிமுகத்தில் கெமர்களின் எண்ணிக்கை இன்னும் பெரிது, நாடு முழுவதும் 13 லட்சம்.

கலாச்சாரக் கலப்பு என்கிறீர்களே, ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியுமா?

நா ட்ராங்கில் போ நாகர் கோபுரத்துக்குப் போங்கள். சம் மக்களின் தேச மாதா அவள். கருவறையில் பத்துக் கைகளோடு அமர்ந்த கற்சிலை. இப்போது அவளுக்குப் பட்டாடை, கிரீடம். வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி, பழத்தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். பெயர் மட்டும் தியென் ஈ ஆ நா.

கோபுரத்தின் பின்பக்கம் 1856இல் ஃபான் தான் யான் என்ற பெரிய அதிகாரி நிறுத்திய கல்வெட்டு, அவள் கதையைச் சொல்கிறது. பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் முலாம்பழக் கொடி போட்டிருந்தார்கள். நிலா வெளிச்சத்தில் காயைப் பறித்து விளையாடிய சிறுமியைப் பிடித்துத் தங்கள் மகளாக வளர்த்தார்கள். ஒரு மழைநாளில் அவள் கல் அடுக்கி விளையாட, கிழவன் திட்டிவிட்டான். கோபித்துக்கொண்ட சிறுமி, மிதந்து வந்த அகில் கட்டைக்குள் புகுந்து கடலோடு போனாள். வடக்கே கரை ஒதுங்கிய கட்டையை ஓர் இளவரசன் தூக்கிப் போனான். கல்யாணம், இரண்டு குழந்தைகள். பிறகு ஊர் ஞாபகம் வந்து, பிள்ளைகளோடு அதே கட்டையில் திரும்பி வந்து, ஜனங்களுக்கு உழவும் நெசவும் சொல்லிக்கொடுத்தாள்.

கவனித்தீர்களா, அவளை வடக்கத்தி இளவரசனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். நாட்டைப் பிடித்தவர்கள் அந்த நாட்டின் தாயையும் தங்கள் சொந்தக்காரியாக்கிக்கொண்டார்கள். ஹுவே அருகே ஹோன் சேன் கோயிலிலும் அவள் இருக்கிறாள். பேரரசர் டாங் கான் அந்தக் கோயிலுக்கு அரச மரியாதையே கொடுத்தார்.

அந்நியச் சாமியை ஏன் கும்பிட ஆரம்பித்தார்கள்?

பயம் முதல் காரணம் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாத மண், காய்ச்சல், முன்னே இருந்தவர்களின் ஆவிகள். மத்திய வியட்நாமில் 'நிலம் வாங்கும்' சடங்கு ஒன்று உண்டு. பழைய உரிமையாளர்களான சம் ஆவிகளைக் கூப்பிட்டு, படையல் வைத்து, இந்த மண்ணை எங்களுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பத்திரம் எழுதுவார்கள். அரசு ஆவணத்தில் நிலம் அவர்களுடையது. ஆவிகளிடம் மட்டும் அவர்கள் குத்தகைக்காரர்கள்.

மீனவர்கள் திமிங்கலத்தைக் கும்பிடுவதும் சம் மக்களிடம் கற்றது என்பது பொதுவான கருத்து. கரை ஒதுங்கிய திமிங்கலத்துக்கு முதலில் பார்த்தவர் பிள்ளைபோல் நின்று துக்கம் காக்க வேண்டும். எலும்பைக் கோயிலில் வைப்பார்கள். ஃபான் தியெட்டில் 1762இல் கட்டிய அப்படியொரு கோயில் இருக்கிறது.

சாப்பாடு, உடை?

கழிமுகத்தில் சோக் சாங், ட்ரா வின் ஊர்களில் கிடைக்கும் பூன் நுவோக் லேவ் ஒரு கிண்ணம் வாங்கினால் விஷயம் முழுக்க அதிலேயே இருக்கிறது: கெமர்களின் புளித்த மீன் குழம்பு, வியட் அரிசிச் சேமியா, பல கடைகளில் சீன வறுத்த பன்றி. கழுத்தில் போடும் கட்டம் போட்ட துண்டும் கெமர்களிடம் வந்தது. அரசவை இசைக்குள் சம் ராகங்கள் வந்தது இன்னும் பழசு. 1202இலேயே ஒரு லீ மன்னர் சம் பாணியில் பண் அமைக்கச் சொன்னார், கேட்டவர்கள் அழுதார்கள் என்று ஏட்டில் இருக்கிறது.

'வியட்நாம்' என்ற பெயர்?

1804. நாட்டை ஒன்றாக்கிய ஜியா லாங் காலத்தில். அவர் நுயென் வாரிசு, தலைநகர் ஹுவே. தெற்கே ஓடிப்போன குடும்பம்தான் கடைசியில் முழு நாட்டையும் ஆண்டது.

இதைக் குடியேற்றம் என்பதா, ஆக்கிரமிப்பு என்பதா?

இரண்டும்தான், ஊரைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும். விஜயாவில் நடந்ததற்கு ஆக்கிரமிப்பைத் தவிர வேறு சொல் கிடையாது. பஞ்சத்துக்குத் தப்பி வந்து மெகாங் சேற்றில் நாற்று நட்டவரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல வாய் வராது. ஆனால் அந்த நாற்றங்கால் யாருடையதாக இருந்தது என்று கெமர்கள் கேட்டால் அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். கலந்துவிட்டார்கள், எல்லாம் சுபம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கலப்பு நடந்தது. யார் வீட்டில், யார் நிபந்தனையில் நடந்தது என்பதும் சேர்ந்ததுதான் வரலாறு.

தமிழர்களுக்கு இதில் பங்கே இல்லையா?

நகர்வில் இல்லை. பின்னால், பிரெஞ்சு ஆட்சியில், நகரத்தார் வட்டித்தொழிலுக்கும் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அரசு வேலைக்கும் சைகோன் வந்தார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று கும்பிடுபவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள். பின்சுவரில் கைகளையும் நெற்றியையும் ஒட்டிவைத்து வேண்டிக்கொள்வார்கள். போ நாகரை ஏற்றுக்கொண்ட ஊருக்கு மாரியம்மன் புதிதாகத் தெரிந்திருக்க மாட்டாள்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மீ சோன் முதலில். 1969இல் அமெரிக்க குண்டுவீச்சில் அதன் பெரிய கோபுரம் அழிந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில கோயில் தொகுதிகளைச் சீரமைத்தபோது 2020இல் ஒற்றைக்கல் சிவலிங்கம் ஒன்று கிடைத்தது. டானாங்கில் சம் சிற்பங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். ஃபான் ராங்கில் போ க்லோங் கராய் கோபுரம். கட்டியவர், இளவரசியை மணந்த அதே ஜய சிம்மவர்மன்.

முடிந்தால் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வரும் காத்தே திருவிழாவுக்குப் போங்கள். சம் மன்னர்களின் உடைகளை மலையில் வாழும் ரக்லாய் மக்கள்தான் தலைமுறைகளாகப் பாதுகாக்கிறார்கள். விழாவன்று அவற்றை இறக்கிக் கொண்டுவந்து சம் பூசாரிகளிடம் ஒப்படைப்பார்கள். லிங்கத்தை நீராட்டி உடை சாத்திய பிறகுதான் கூத்தும் பாட்டும். தேதி சம் நாட்காட்டிப்படி ஆண்டுக்காண்டு மாறும், கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். 2025 ஜூலையில், ஃபான் ராங் இருந்த நின் துவான் மாகாணத்தைக் கான் ஹோவாவோடு இணைத்துவிட்டார்கள். பழைய வரைபடத்தில் தேடினால் குழம்பும், ஃபான் ராங் என்ற ஊர்ப்பெயரை வைத்துத் தேடுங்கள்.